தவளைக்கும் வேண்டும் நஞ்சில்லா உணவு

எங்க வீட்டில் ஒரு தவளை செத்துப்போனது. அதிலிருந்தே இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

சேற்றுழவு ஓடிக்கொண்டிருந்த நாள். டிராக்டரின் கேஜ் வீல் அடித்து, பின்னங்கால் வீங்கிப்போன ஒரு வயல் தவளையைப் பேத்தி கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். கால் சரியாகிற வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று பழைய சிமெண்ட் தொட்டியில் கொஞ்சம் மண்ணும், ஒரு ஓரமாகத் தண்ணீரும், கவிழ்த்த ஓட்டுத் துண்டு ஒன்றும் வைத்துக் கொடுத்தேன்.

"தாத்தா, இதுக்கு என்ன சாப்பாடு?"

"பூச்சிதான். வேறென்ன?"

அவ்வளவுதான் சொன்னேன். பிள்ளை மறுநாள் காலையில் அடுப்படியில் மல்லாந்து கிடந்து காலை உதறிக்கொண்டிருந்த இரண்டு கரப்பான்பூச்சியைப் பொறுக்கிக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். அசைகிற எதையும் தவளை விடாது. இரண்டையும் விழுங்கிவிட்டது. அன்று சாயங்காலமே கால்கள் விறைத்து வெட்டி இழுக்க ஆரம்பித்தது. விடிந்து பார்த்தால் தவளை இல்லை.

அந்தக் கரப்பான்கள் ஏன் மல்லாந்து கிடந்தன என்று அப்புறம்தான் யோசித்தோம். முந்தின ராத்திரி வீட்டில் கரப்பான் மருந்து அடித்திருந்தார்கள். ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கவில்லை; ஆனாலும் வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. பல வருஷமாக நஞ்சில்லாமல் வெள்ளாமை செய்கிறோம் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற ஆள் நான். வயலில் நஞ்சு இல்லை. அடுப்படி அலமாரியில் இருந்தது.

அடுத்த வருஷமும் மழைக்காலத்தில் அதே மாதிரி அடிபட்ட ஒரு தவளை வந்தது. இந்த முறை நான் சும்மா "பூச்சிதான்" என்று சொல்லவில்லை. எந்தப் பூச்சி, எவ்வளவு பெரிசு, அது எங்கே மேய்ந்த பூச்சி, அது என்ன தின்றிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தோம். மூன்று வாரத்தில் தவளை துள்ளிப்போய்விட்டது. அந்த மூன்று வாரத்தில் படித்ததையும், அதற்காகத் தேடித் தெரிந்துகொண்டதையும் கீழே எழுதுகிறேன். தொட்டியில் இருக்கிற ஒரு தவளைக்குப் பொருந்துவது, வயலில் இருக்கிற ஆயிரம் தவளைக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலில் இருக்கிற நல்ல தவளையைப் பிடித்து வந்து அடைத்து வளர்க்கச் சொல்லி இதை எழுதவில்லை. அதற்கு நம் வயலைவிட நல்ல வீடு கிடையாது. அடிபட்டு வந்ததைத் தேற்றி விடுவதற்கும், பிள்ளைகள் தலைப்பிரட்டையை நாலு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு விடுவதற்கும்தான் இந்தப் பாடம்.

தவளை எப்படிச் சாப்பிடுகிறது?

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தவளை அசைவைப் பார்த்துத்தான் இரையை அறிகிறது. பக்கத்தில் செத்த வெட்டுக்கிளி கிடந்தாலும் அதன் கணக்கில் அது இரை இல்லை. அதனால்தான் சோறு, தயிர், பிஸ்கட், ரொட்டித் துண்டு எதை வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. பார்த்தாலும் அதன் குடலுக்கு அது ஆகாது. பால் ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பால் தவளையின் உணவே இல்லை.

அதன் நாக்கு முன்பக்கம் ஒட்டி, பின்பக்கம் விட்டிருக்கும். மடித்து வைத்த நாக்கைச் சுண்டி வீசி, பசையில் ஒட்ட வைத்து இழுத்துவிடும். மெல்லுகிற பழக்கம் கிடையாது. முழுசாக விழுங்கும். விழுங்கும்போது கண்ணை மூடுவதைக் கவனித்திருப்பீர்கள். அப்போது கண் உள்ளே இறங்கி, இரையைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொடுக்கிறது.

இன்னொன்று, தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரத்தில் உட்கார்ந்து, அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். ஆக, அதற்கு இரண்டு வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முகத்தில் இருக்கிறது, இன்னொன்று உடம்பு முழுக்க. பூச்சி சுத்தமாக இருந்தால் போதாது, தண்ணீரும் மண்ணும் நம் கையும் சுத்தமாக இருக்க வேண்டும்.

தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் என்றால், குளோரின் போக ஒரு நாள் வாய் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். மழைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் நல்லது. சோப்பு போட்ட கை, வேப்பெண்ணெய் தடவின கை, உரம் அள்ளின கையோடு தவளையைத் தூக்கக் கூடாது. வெறும் தண்ணீரில் கழுவின ஈரக் கையால் தூக்குங்கள். தூக்கின பிறகு சோப்புப் போட்டு நன்றாகக் கைகழுவ வேண்டும். தவளையின் தோலில் சால்மொனெல்லா என்கிற கிருமி இருக்கலாம். பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

பருவத்துக்குப் பருவம் பந்தி மாறும்

முட்டையிலிருந்து வந்த தலைப்பிரட்டை பெரும்பாலும் சைவம். கல்லிலும் இலையிலும் படிந்திருக்கிற பாசி, மக்கின இலைத் தூள் இதுதான் அதன் தீனி. அதைச் செரிக்கத்தான் வயிற்றில் சுருள் சுருளாக நீளமான குடல். தொட்டியில் வைத்திருந்தால் குளத்துப் பாசி கொஞ்சம் போடுங்கள். இல்லையென்றால் கீரையை வேகவைத்து, ஆறவைத்து, விரல்நகம் அளவு போடுங்கள். மீந்ததை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். விட்டால் தண்ணீர் அழுகி, மூச்சுமுட்டிச் செத்துவிடும். தண்ணீர் மாற்றும்போது மொத்தமாகக் கொட்டாமல் கால் பங்கு கால் பங்காக மாற்றுங்கள்.

எல்லாத் தலைப்பிரட்டையும் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். முதல் மழைக்கு மஞ்சளாக மாறிக் கத்துமே, அந்தப் பெருந்தவளையின் தலைப்பிரட்டை அசைவம். பக்கத்தில் நீந்துகிற மற்றத் தலைப்பிரட்டையைப் பிடித்துத் தின்னும், தன் இனத்தையும் விடாது. ஒரே வாளியில் எல்லாவற்றையும் அள்ளி வைத்தால் நாலு நாளில் எண்ணிக்கை குறைவது இதனால்தான்.

முன்னங்கால் முளைத்ததும் தீனியை நிறுத்திவிடுங்கள். அப்போது அதன் வாயும் குடலும் மாறிக்கொண்டிருக்கும். நீளக் குடல் சுருங்கி அசைவக் குடலாகிறது. வால் கரைந்து அதுவே உணவாகிறது. அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது தீனி இல்லை, ஏறி உட்கார ஒரு சரிவு. கல்லோ கட்டையோ சாய்த்து வையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் பிறந்த பிள்ளை தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும்.

வால் போன குட்டித் தவளைக்குத் தினமும் தீனி வேண்டும், அதுவும் பொடிப் பொடியாக. கனிந்த வாழைப்பழத்தை ஒரு கிண்ணத்தில் வைத்தால் சின்னச் சின்ன ஈக்கள் மொய்க்கும். அந்த ஈயும், சின்னக் கரையானும், இலைச் சருகுக்கு அடியில் துள்ளுகிற பொடிப் பூச்சியும் அதற்குப் போதும். பழம் நம் தோட்டத்துப் பழமாக இருக்கட்டும்.

வளர்ந்த தவளைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். நடுத்தர அளவுத் தவளைக்கு வேளைக்கு ஐந்தாறு பூச்சி. அளவுக்கு ஒரு எளிய விதி இருக்கிறது. தவளையின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ, அதைவிட அகலமான பூச்சியைக் கொடுக்காதீர்கள். தவளை பேராசைக்காரன். தொண்டைக்கு மீறினதையும் விழுங்கப் பார்த்து அவதிப்படும். "தவளை தன் வாயால் கெடும்" என்பது கத்துவதற்கு மட்டும் சொன்னதல்ல.

ஒரே தீனி ஏன் கூடாது?

வயலில் ஒரு தவளை ஒரு ராத்திரியில் வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, வண்டு, சிலந்தி, புழு, நத்தைக்குஞ்சு என்று கலந்து கட்டிச் சாப்பிடுகிறது. தொட்டியில் நாம் கையில் கிடைத்த ஒன்றையே தினமும் போடுகிறோம். இங்கேதான் நோய் வருகிறது.

பெரும்பாலான பூச்சிகளின் உடம்பில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. மாசக்கணக்கில் ஒரே பூச்சியைத் தின்கிற தவளைக்கு எலும்பு மெலிந்து, தாடை தொய்ந்து, முதுகு வளைந்துவிடும். வைட்டமின் ஏ குறைந்தால் நாக்கில் பசை சுரப்பது கெட்டுப்போகும். தவளை நாக்கை வீசும், பூச்சி ஒட்டாது. தீனி எதிரில் இருந்தும் பட்டினி கிடக்கும். மண்ணில் ஒற்றைச் சத்தை மட்டும் கொட்டினால் பயிர் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். அதே கதைதான்.

நான் கொடுத்துப் பார்த்து நன்றாகச் சாப்பிட்டவை இவை:

சுவர்க்கோழி. ராத்திரியில் மூலையில் உட்கார்ந்து கத்துமே, அதுதான். தொட்டித் தவளைக்கு அன்றாட உணவு இதுவாக இருக்கலாம். ஆனால் தின்னாமல் மீந்த சுவர்க்கோழியைத் தொட்டிக்குள் ராத்திரி விடக் கூடாது. தவளையின் தோலைக் கடித்துப் புண்ணாக்கிவிடும்.

வெட்டுக்கிளி. வரப்புப் புல்லில் கிடைக்கிற பச்சைத் தத்துக்கிளி நல்ல தீனி. பெரிசாக இருந்தால் முள் உள்ள பின்னங்காலைக் கிள்ளிவிட்டுக் கொடுங்கள்.

மண்புழு. சுண்ணாம்புச் சத்து மற்றப் பூச்சிகளைவிட மேல். கழுவி, தேவையானால் துண்டாக்கிக் கொடுக்கலாம். ஆனால் எரு மக்க வைக்க வாங்குகிற எய்சீனியா ஃபெட்டிடா என்ற சிவப்புப் புழுவைத் தொட்டால் நாற்றமடிக்கிற மஞ்சள் நீரை விடும். பல தவளைகள் அதை வாயில் போட்டுத் துப்பிவிடும். நாட்டுப் புழு உத்தமம்.

கரையானும் ஈசலும். தேரைக்கும், சின்ன வாய் கொண்ட மண் தவளைக்கும் கரையானும் எறும்பும்தான் விருந்தே. ஈசல் கொழுப்பு கூடின பண்டம். தீபாவளிப் பலகாரம் மாதிரி எப்போதாவது போதும்.

அந்துப்பூச்சியும் பச்சைப் புழுவும். முடி இல்லாத, வெறும் தோல் உள்ள புழு மட்டும்.

கடையில் தவிட்டோடு விற்கிற மாவுப்புழுவைப் பழக்கப்படுத்தாதீர்கள். தோல் கடினம், சுண்ணாம்பு குறைவு.

இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. நம் குளங்களில் தாமரை இலைமேல் உட்கார்ந்திருக்கும் பச்சைக் குளத்தவளை, வளர்ந்த பிறகும் இலைதழையைக் கணிசமாகச் சாப்பிடுகிறது. சென்னைப் பக்கத்தில் இந்திரநீல் தாஸ் என்ற ஆய்வாளர் அதன் வயிற்றில் இருந்ததைச் சோதித்து 1996-ல் இதை எழுதினார். எல்லாத் தவளைக்கும் ஒரே பந்தி என்று எண்ணக் கூடாது என்பதற்கு இது நல்ல சாட்சி.

பூச்சிக்கு நீங்கள் கொடுப்பது தவளைக்குப் போகும்

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு வரியைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும் என்றால், அது இதுதான்: தவளை பூச்சியை மட்டும் தின்பதில்லை, பூச்சி தின்றதையும் சேர்த்துத் தின்கிறது.

நல்லதுக்கும் இது பொருந்தும். பிடித்த சுவர்க்கோழியை உடனே போடாமல் ஒரு வாளியில் ஒருநாள் இரண்டுநாள் வைத்து, நல்ல தீனி கொடுத்துவிட்டுப் போடுங்கள். முருங்கைக்கீரை, கேரட் துண்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணித் துண்டு, கொஞ்சம் தவிடு. அதோடு கழுவிக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓட்டுத் தூள் ஒரு சிட்டிகை. வெறும் வயிற்றோடு இருக்கிற பூச்சியும், முருங்கை தின்ற பூச்சியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். தவளைக்கு இரண்டும் ஒன்றல்ல.

வீட்டிலேயே வளர்ப்பதும் கஷ்டமில்லை. மூடியில் கொசுவலை கட்டின ஒரு வாளி, உள்ளே நாலு முட்டை அட்டை, ஒரு டப்பாவில் ஈரமான தென்னை நார்க்கழிவு. சுவர்க்கோழி அந்த ஈரத்தில் முட்டை வைக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு இரண்டு வாரத்துக்குள் பொரிந்து பொடிக்குஞ்சு வந்துவிடும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள், மூழ்கிவிடும். நனைத்த பஞ்சோ, காய்த் துண்டோ போதும்.

கெட்டதுக்கும் இதே விதிதான். 1950-களில் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களுக்கு டிடிடி தெளித்தார்கள். தெளித்தது மரத்துக்கு. இலை உதிர்ந்தது, இலையை மண்புழு தின்றது, மண்புழுவை ராபின் பறவை தின்றது. பறவைகள் நடுக்கம் கண்டு விழுந்து செத்தன. ரேச்சல் கார்சன் 1962-ல் வெளியான 'மௌன வசந்தம்' புத்தகத்தில் இதை விவரமாக எழுதினார். பறவைமேல் யாரும் மருந்து அடிக்கவில்லை. எங்க வீட்டுத் தவளைமேலும் யாரும் அடிக்கவில்லை.

எந்தப் பூச்சியைத் தொடவே கூடாது?

தள்ளாடுகிற பூச்சி, மல்லாந்து கிடந்து காலை உதறுகிற பூச்சி: ஒருபோதும் வேண்டாம். சுலபமாகக் கையில் கிடைக்கிறதே என்று எடுக்கத் தோன்றும். அது சுலபமாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

கொசுவர்த்தி, கொசுவிரட்டித் திரவம் வைக்கிற அறையில் விளக்கைச் சுற்றி விழுகிற பூச்சி வேண்டாம். எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸ், கரையான் மருந்து அடித்த நிலைப்படி, எலி மருந்து வைத்த களம் இவற்றின் பக்கத்தில் பிடித்ததும் வேண்டாம்.

மாட்டுக்கு உண்ணி போக ஊசி போட்டிருந்தால் கொஞ்ச நாளைக்கு அந்தச் சாணத்தில் மருந்து இறங்கும். அந்தச் சாணத்தில் இருக்கும் புழு பூச்சியை எடுக்காதீர்கள்.

எருக்கஞ்செடியில் மேய்கிற வண்ண வண்ண வெட்டுக்கிளியும், வரி போட்ட புழுவும் எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். உளுந்து, துவரைப் பூவைத் தின்கிற கொப்புள வண்டு நம் தோலில் பட்டாலே கொப்புளம் போடும். மின்மினி, கம்பளிப்பூச்சி, குளவி, பூரான், தேள் இவையும் வேண்டாம். பொதுவாகக் கண்ணைப் பறிக்கிற நிறத்தில், யாருக்கும் பயப்படாமல் மெதுவாகப் போகிற பூச்சி என்றால் ஒதுக்கிவிடுங்கள். வயலில் இருக்கிற தவளை இதையெல்லாம் தானே பார்த்து விட்டுவிட இடம் உண்டு. தொட்டியில் நாம் போடுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

இயற்கைக் கரைசல் என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாமா?

இந்த இடத்தில் நமக்குள்ளேயே கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுவோம்.

குருணை மருந்து வைத்த வயலில் தலைப்பிரட்டை தப்பாது, அது நமக்குத் தெரியும். ஆனால் புகையிலை சேர்த்த கரைசலில் இருப்பது நிகோட்டின். அதுவும் நஞ்சுதான், செடியில் விளைந்த நஞ்சு. வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலக்க நாம் சேர்க்கிற காதி சோப்பு, தலைப்பிரட்டையின் செவுளுக்கு ஆகாது. களைக்கொல்லியில் மருந்தைவிட அதோடு கலக்கிற சோப்பு போன்ற ஒட்டுப்பொருள்தான் தலைப்பிரட்டையை அதிகம் கொல்கிறது என்று ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள். நாமும் சோப்பைத்தான் கலக்குகிறோம். மீன் அமிலத்தையோ பஞ்சகவ்யாவையோ அப்படியே குட்டையில் கொட்டினால், அது அழுகும் வேகத்தில் தண்ணீரில் காற்று இல்லாமல் போகும்.

அதற்காகக் கரைசலே அடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த ஆறு பழக்கம் போதும்:

1. பூச்சியைப் பார்த்து, எண்ணி, தேவைப்பட்ட பாத்திக்கு மட்டும் அடியுங்கள். நாள் குறித்துவிட்டோம் என்பதற்காக வயல் முழுக்க அடிக்காதீர்கள்.

2. சோப்பை அளவாகச் சேருங்கள். நுரை பொங்கினால்தான் வேலை செய்யும் என்பது தப்பு.

3. தெளிப்பானையும் டிரம்மையும் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். கழுவின தண்ணீரை மரத்தடிக் குழியில் ஊற்றுங்கள்.

4. மீந்த கரைசலை வரப்போரப் பள்ளத்தில் கொட்டாதீர்கள். அந்தப் பள்ளம்தான் தவளையின் பிரசவ அறை.

5. வரப்பை விட்டு நாலடி உள்ளே தள்ளித் தெளியுங்கள். பகலில் தவளை படுத்திருப்பது வரப்புப் புல்லில்.

6. பக்கத்து வயலில் மருந்து அடித்திருந்தால், வயலுக்கு வயல் பாய்கிற தண்ணீரை நாலைந்து நாள் மடையை அடைத்து நிறுத்துங்கள். முடியாத இடத்தில், தண்ணீர் நுழைகிற மடை ஓரத்தை விட்டு வேறு மூலையில் தலைப்பிரட்டைக்குப் பள்ளம் எடுங்கள்.

வயலில் பந்தி விரிப்பது

தொட்டியில் ஒரு தவளைக்கு நாலு விதத் தீனி தேட எங்களுக்கு தினமும் அரைமணி நேரம் போனது. அப்போதுதான் உறைத்தது. வயலில் இந்த வேலையை யார் செய்கிறார்கள்? வரப்பு செய்கிறது. புல் செய்கிறது. எருக்குழி செய்கிறது.

புகையான், பச்சைத் தத்துப்பூச்சி, குருத்துப்பூச்சியின் தாய் அந்து, இலைச்சுருட்டுப் புழு, நண்டுக்குஞ்சு எல்லாம் தவளைக்கு இரை. சிலந்தியையும் தட்டானையும் கூடத்தான் தின்னும். நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்ற நம் பட்டியல் அதற்குத் தெரியாது. அதனால் தவளை வந்தால் எல்லாப் பூச்சியும் ஒழியும் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டம் எது பெருத்திருக்கிறதோ அதுதான் அதிகம் அதன் முன்னால் வரும், அதைத்தான் அது அதிகம் தின்னும். நமக்கு அந்த அளவு போதும்.

ஆனால் நெல்லில் பூச்சி எப்போதும் இருக்காது. அறுவடைக்குப் பிறகும், நடவுக்கு முந்தின நாட்களிலும் தவளை பட்டினி கிடக்காமல் இருந்தால்தான் புகையான் வரும்போது அது அங்கே இருக்கும். அதற்கு நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வரப்பை மழிக்காமல் ஒரு பக்கமாவது புல்லை விடுங்கள். வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றுங்கள். வைக்கோலை எரிக்காதீர்கள்; மூலையில் ஒரு மக்குக்குவியல் இருந்தால் புழுவும் பூச்சியும் வருஷம் முழுக்க அதில் இருக்கும். சனிமூலையில் ஐந்தடிக்கு ஐந்தடி, இரண்டடி ஆழத்தில் சரிவாக ஒரு பள்ளம் எடுத்து, மீன் விடாமல் மழைத் தண்ணீர் நிற்கவிடுங்கள். மீன் விட்டால் முட்டையும் தலைப்பிரட்டையும் மிஞ்சாது. விளக்குப்பொறி வைத்திருந்தால் இரவு முழுக்க எரிய விடாதீர்கள், தட்டைத் தரையை விட்டு உயர்த்திக் கட்டுங்கள். வெளிச்சத்துக்கு வரும் பூச்சிக்காகத் தவளை கூடும். எண்ணெய் ஊற்றின தண்ணீரில் விழக் கூடாது.

நம் நாட்டிலிருந்து ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் தவளைக்கால் வெளிநாட்டுக்குப் போனது. பிடித்ததெல்லாம் பெரும்பாலும் வயலிலும் குளத்திலும் இருந்துதான். 1987-ல் அந்த ஏற்றுமதியை அரசு தடை செய்தது. சாக்கு சாக்காகப் பிடித்துப் போவது நின்றது. ஆனால் வாய்க்குள் போகும் நஞ்சை ஒரு தடை உத்தரவால் மட்டும் நிறுத்திவிட முடியாது. அது ஒவ்வொரு வயலிலும், ஒவ்வொரு அடுப்படியிலும் நிற்க வேண்டியது.

வீட்டுப்பாடம்

மழை விட்ட ஒரு ராத்திரி, எட்டு மணிக்கு மேல், டார்ச் லைட்டோடு உங்கள் வரப்பில் கால்மணி நேரம் மெதுவாக நடங்கள். ஒரு நோட்டில் மூன்று கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். எத்தனை தவளை பார்த்தீர்கள்? எத்தனை விதம்? அதன் எதிரில் என்னென்ன பூச்சி இருந்தது? பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், அவர்கள் கண் நம் கண்ணைவிடக் கூர்மை. காலில் செருப்பு கட்டாயம். தவளை இருக்கிற இடத்துக்குப் பாம்பும் வரும். மாசம் ஒரு தடவை அதே வரப்பில், அதே நேரத்துக்கு நடந்து எழுதினால், ஒரு வருஷத்தில் உங்கள் வயலின் உடல்நிலை அந்த நோட்டில் தெரியும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இன்றைக்கே எழுந்துபோய் உங்கள் அடுப்படி அலமாரியையும், கட்டிலுக்கு அடியையும், மாட்டுக்கொட்டகை மாடத்தையும் பாருங்கள். அங்கே என்னென்ன டப்பா இருக்கிறது என்று எழுதுங்கள். நான் எழுதினேன். ஐந்து இருந்தது.

இரண்டாவது தவளையைப் பேத்திதான் கொண்டுபோய் விட்டாள். கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. வரப்பில் வைத்ததும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு எங்கள் கண்ணெதிரிலேயே புல்லில் இருந்த ஒரு பச்சைத் தத்துக்கிளியை எட்டிப் பிடித்தது.

"தாத்தா, அது என்ன தின்னிருக்கும்?" என்றாள், தத்துக்கிளியைக் காட்டி.

"நம்ம நெல்லத்தான்," என்றேன்.

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.